இட்லிக்கடை அக்காவும் எங்கள் வக்கீலும்

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த வக்கீலிடம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் நீங்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டதும் எனக்குத் தெரியும். உங்கள் மேல் தப்பில்லை. செஞ்சி பஜாரில் எங்கள் வக்கீலுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை இந்த நோட்டில் எழுத மாட்டேன். பெரியவள் ஒருநாள் அழுதுகொண்டே வந்து, "நைனா, நீ வேற வக்கீலுகிட்ட போயேன்" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எட்டாவதோடு நின்ற படிப்பு. கேட்ட உடனே பதில் வராது. இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் தாமதந்தான், நாற்பது வருஷம்.

எங்கள் வக்கீல் திருநங்கைகளுக்காக வழக்கு நடத்தினவர். இன்றைக்கு இப்படி ஒரு மரியாதையான சொல் இருக்கிறது. அப்போது இல்லை. அப்போது ஊரில் இருந்த சொற்கள் எல்லாம் கல்லெடுத்து எறிகிற மாதிரி இருக்கும். அதனால் அவர் எந்தச் சொல்லையும் தொடாமல், "என் கட்சிக்காரர்" என்று மட்டும் சொல்வார். பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டார்கள் என்று ஒருவர் வருவார். வாடகை வீட்டிலிருந்து சாமானைத் தூக்கி வீசினார்கள் என்று ஒருவர் வருவார். சும்மா ரோட்டில் நடந்து போனதற்குப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள் என்று நான்கு பேர் சேர்ந்து வருவார்கள். சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் போகிறவர்கள் செஞ்சியில் பஸ் மாறும்போது, அடுத்த பஸ் வருவதற்குள் ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த மாதத்தில் எனக்குப் பேனா பிடித்த விரல் வீங்கிப் போகும்.

ஆனால் ஆரம்பத்தில் அவருக்கு இப்படி ஒரு எண்ணமே கிடையாது. ஆரம்பத்தில் அவருக்குக் கேஸே கிடையாது.

அவர் பஜாரில் மிளகாய், புளி வியாபாரம் செய்கிற குடும்பம். கடையைப் பார்க்கச் சொன்னால் சட்டம் படிப்பேன் என்று மெட்ராஸுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்துவிட்டார். அவர் நைனாவுக்கு அதில் கோபம். ஆபீஸ் வைக்க இடம் கொடுத்தார், கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. மிளகாய் குடோனை ஒட்டிய அறையைக் கொடுத்தார். அதனால் எங்களிடம் வரும் கட்சிக்காரர்கள் தும்மிக்கொண்டே உள்ளே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போவார்கள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்துவிட்டு, "பாவம், இன்னா கஷ்டமோ" என்று பேசிக்கொள்வார்கள். உள்ளே விஷயம் என்னவென்றால், எவனோ ஒருவனுடைய ஆடு இன்னொருவன் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலைக் காட்டில், மேய்ந்திருக்கும். அவ்வளவுதான் எங்கள் தொழில்.

இது அறுபதுகளின் நடுவில். அரிசிக்கு ஊரே ரேஷன் க்யூவில் நின்ற காலம். எனக்கு இருபத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. காலை டிபனுக்கு நானும் கோர்ட்டு ஆட்களும் போகிற இடம் ஒன்றுதான். திண்டிவனம் ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டின் முன்பக்கத்தில் இருந்த இட்லிக்கடை. கடையை நடத்தினவரை ஊரே அக்கா என்று கூப்பிடும். உயரமானவர். கனத்த குரல். கண்டாங்கிச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. அவர் ஆண்பிள்ளையாகப் பிறந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். சட்னி கேட்கும்போது யாரும் அதைப் பேச மாட்டார்கள்.

அந்த அக்கா ஒருநாள் காலையில் தும்மிக்கொண்டே எங்கள் ஆபீஸுக்குள் வந்தார். கையில் கோர்ட்டு சம்மன்.

முதலில் எனக்கு வந்த கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீஸில் ஆண்களுக்கு ஒரு பெஞ்சு, பெண்களுக்கு ஒரு பாய். பெஞ்சைக் காட்டினால் கோபித்துக்கொள்வாரோ, பாயைக் காட்டினால் நான் கேலி பண்ணுவதாக நினைப்பாரோ என்று எனக்கு ஒரே குழப்பம். கடைசியில் என் ஸ்டூலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் நின்றேன். அவர் அதற்கப்புறம் வந்தபோதெல்லாம் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். எங்கள் ஆபீஸில் அவ்வளவு நேரம் நின்ற குமாஸ்தா நான் ஒருவன்தான். உங்கள் அம்மா வீட்டார் என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தபோது, "மாப்பிள்ளை ஆபீஸுல உக்காரவே மாட்டாராமே, அவ்ளோ வேலையா" என்று அவர்கள் வீட்டில் பெருமையாகப் பேசிக்கொண்டார்களாம்.

சம்மனைக் கொண்டுபோய்க் கொடுத்தது கோர்ட்டு அமீனா. கோர்ட்டு நோட்டீஸுகளை உரியவர் கையில் சேர்க்கிற காக்கிச்சட்டைக்காரர், எங்கள் கூட்டாளி. அவர் அன்றைக்குக் காலையில் கடைக்குப் போய், ஆறு இட்லி சாப்பிட்டு, இன்னொரு கரண்டி சட்னி வாங்கி, கை கழுவிவிட்டு, அதன் பிறகுதான் பையிலிருந்து சம்மனை எடுத்து, "அக்கா, தப்பா நினைச்சுக்காதக்கா" என்று நீட்டியிருக்கிறார். முதலிலேயே நீட்டியிருந்தால் சட்னி வந்திருக்காது என்று அவரே என்னிடம் சொன்னார்.

வழக்குப் போட்டவன் அக்காவின் தம்பி.

விஷயம் இதுதான். அவர்கள் அப்பா மண்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டியவர். சொந்த சம்பாத்தியத்தில் அந்த ஓட்டு வீட்டை வாங்கினார். அவருக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தது பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போய், எங்கெங்கோ இருந்து, பத்து வருஷம் கழித்துச் சேலை கட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அப்பா அப்போது ஒரு பக்கம் கை கால் விழுந்து கிடக்கிறார். மூத்தது வந்து குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது. அவர் ஒருநாள் வாய் கோணிக்கொண்டே, "முன்னால கடை போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னாராம். அப்பா இருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது. அவர் போன பிறகு தம்பிக்குக் கல்யாணம் ஆகி, ஒரு மாமனார் வந்தார். அந்த மாமனார் வந்த பிறகுதான் வீடு சின்னதாக இருக்கிறது என்று தம்பிக்குத் தெரிந்தது.

தம்பி, கடையிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவைப் பூட்டிவிட்டான். அக்கா கடையிலேயே, ஆட்டுக்கல்லுக்கும் அடுப்புக்கும் நடுவில், சுருண்டு படுத்துக்கொண்டார். உள்ளே இருந்த அம்மா சன்னல் வழியாகத் தண்ணீர் கொடுத்தாள். அது போதாதென்று கோர்ட்டுக்கும் போனார்கள். பிராதில் எழுதியிருந்ததை எங்கள் வக்கீல் உரக்கப் படித்தார். "காலமானவருக்கு வாதி ஒருவனே வாரிசு. பிரதிவாதி, ஊரில் அக்கா என்று அழைக்கப்படும், எந்த உறவுமில்லாத அந்நியர்."

படித்துவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். மிளகாய் நெடியில் சிரிப்பு தும்மலாகி, தும்மல் இருமலாகி, நான் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு எனக்கு விளக்கினார். அண்ணன் என்று எழுதினால் பங்கு கொடுக்க வேண்டும். அக்கா என்று எழுதினாலும் பங்கு கொடுக்க வேண்டும். அதனால் எதிர்க்கட்சி வக்கீல் யோசித்து யோசித்து அந்நியர் என்று எழுதியிருக்கிறார்.

"ஊரே அக்கான்னு கூப்டுதாம், கூடப் பொறந்தவன் மட்டும் யாருன்னே தெரியாதுங்கறான். இத உடைக்கறது சுலபம். உங்க அம்மாவக் கூண்டுல ஏத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டா முடிஞ்சிடும்" என்றார் வக்கீல்.

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"அம்மாவக் கூப்புடக் கூடாது வக்கீலய்யா. ரெண்டு பெத்து வச்சிருக்குது. ஒண்ணைப் பொய்யின்னு அது வாயால சொல்ல வைக்காதீங்க."

"சரி. அப்ப நீங்க ஸ்கூல்ல படிச்ச பேரு, ரிஜிஸ்தர்..."

"அந்தப் பேரும் வேணாம். அத வெளிய எடுத்தா, நிரூபி, டாக்டரு கிட்ட காட்டுன்னுவாங்க. வீடு போனாப் போவுது. நான் ஒருத்தன் எதிர்லயும் துணி அவுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்துகொண்டார். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வக்கீல் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா கூடாது. ரிஜிஸ்தர் கூடாது. டாக்டர் கூடாது. பின்ன நான் யாரை சாட்சி வச்சு நடத்தறது? ராஜகிரி கோட்டையில இருக்குற கொரங்கையா?"

"நீங்க படிச்சவரு. நீங்க பாத்துக்கோங்க" என்றார் அக்கா.

அவர் போன பிறகு, நமக்கு வேண்டாம் ஐயா இந்தக் கேஸ், பஜாரில் கேலி பேசுவார்கள் என்று நான்தான் சொன்னேன். ஆமாம், நான்தான். எழுத உட்கார்ந்த பிறகு மறைத்து என்ன ஆகப் போகிறது. வக்கீல், தன்னிடம் இப்போது இருப்பது மூன்று ஆட்டுக் கேஸும் ஒரு வரப்புக் கேஸும் தான் என்றும், ஆட்டுக்காரர்கள் எவரும் இதுவரை, அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே என்று ஒரு மரியாதைக்காகச் சண்டை போட்டது இல்லை என்றும் சொன்னார். வக்காலத்தில் கையெழுத்து வாங்கினோம்.

தெருக்காரர்களை சாட்சி கூப்பிட்டுப் பார்த்தோம். நேரில் கேட்டால், "நம்ம அக்கா தானே, வரேன்" என்பார்கள். வாய்தா அன்றைக்கு ஒருவருக்குப் பல்வலி. ஒருவர் பனமலைக்குப் பொண்ணு பார்க்கப் போய்விட்டார். அடுத்த வாய்தாவில் அவருக்குப் பல்வலி, பல்வலிக்காரர் பொண்ணு பார்க்கப் போய்விட்டார். தம்பியின் மாமனார் வீடு வீடாகப் போய் வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. கடைசியில் எங்கள் பக்கம் ஒரு சாட்சியும் இல்லை.

எதிர்க்கட்சி வக்கீல் அதோடு விடவில்லை. எங்களிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், பிரதிவாதி ஆணா பெண்ணா என்று சர்க்கார் டாக்டர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு மனு போட்டார். அக்கா எதற்குப் பயந்தாரோ அதுவே வந்துவிட்டது. அந்த மனு நகலை நான்தான் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அமீனாவைப் போலச் சாப்பிட்டுவிட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முதலிலேயே கொடுத்துவிட்டேன். படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் இட்லித்தட்டைத் துடைத்துக்கொண்டே, "டாக்டரு வரச்சொன்னா நான் ஊரை விட்டுப் போயிடறேன்னு ஐயாகிட்ட சொல்லிடு தம்பி" என்றார். நான் டிபன் கேட்காமலேயே திரும்பினேன்.

எங்கள் வக்கீல் அந்த வாரம் முழுக்க குடோனில் மூட்டைகளுக்கு எதிரில் நின்று வாதாடிப் பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்பார்கள். ஒருநாள் ஒருவர் எழுந்து, "சாமி, போன வாட்டி சொன்னது இதைவிட நல்லா இருந்துது" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

விசாரணை நாள் வந்தது. அன்றைக்குத் தம்பியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவேண்டியது எங்கள் முறை. அதோடு அந்த டாக்டர் மனுவுக்கும் உத்தரவு.

இதில் ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். வாய்தா நாளில் அக்கா கடையைச் சாத்த வேண்டியிருந்தது. கடையைச் சாத்தினால் கோர்ட்டில் ஒருவருக்கும் டிபன் இல்லை. டைப்பிஸ்டு, அமீனா, எங்கள் வக்கீல், எதிர்க்கட்சி வக்கீல் எல்லாரும் பட்டினி. அதனால் அக்கா இட்லியைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு கோர்ட்டுக்கே வந்துவிடுவார். தன் மேல் வழக்கு நடத்துகிற வக்கீலுக்கும் இலையில் வைத்துக் கொடுப்பார். அவரும் தலை நிமிராமல் வாங்கிச் சாப்பிடுவார்.

அன்றைக்குக் கோர்ட்டுப் புளியமரத்தடியில் தம்பி நின்றுகொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் வக்கீல். நான் கொஞ்சம் தள்ளிக் கேஸ் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அக்கா கூடையோடு காம்பவுண்டு வாசலில் திரும்பினார். தம்பி அவரைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில், எரிகிற பீடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி, தலையைத் தொங்கப் போட்டு நின்றான். அக்கா அவனைத் தாண்டிப் போய்க் கூடையை இறக்கினார். அதற்குள் இவன் பையிலிருந்து மெல்லப் புகை வருகிறது. இவன் கையால் அடிக்கிறான், ஊதுகிறான், ஒரு காலைத் தூக்கி ஆடுகிறான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

ஓடிப்போய் வக்கீலிடம் சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன், சத்தியமாக வேறு ஒன்றும் நினைக்கவில்லை. "ஐயா, அங்க பாருங்க, அவன் பாக்கெட்டுல அடுப்பு எரியுது."

அவர் இட்லியை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"யாரைப் பாத்து மறைச்சான்?"

"அக்காவப் பாத்துதான்."

அவர் இட்லியை இலையில் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டார். முழு இட்லியை அவர் வைத்துவிட்டு எழுந்ததை நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

கோர்ட்டு கூடியது. ஜட்ஜ் வயதானவர், சிடுசிடுப்பு. யார் பேச ஆரம்பித்தாலும், விஷயத்துக்கு வாங்க என்பார். தம்பி கூண்டில் ஏறினான். ஒரு கையால் சட்டைப் பையை மூடிக்கொண்டிருந்தான். பார்ப்பவர்களுக்கு, ஏதோ நெஞ்சைத் தொட்டுச் சத்தியம் செய்கிற மாதிரி இருந்தது. மாமனார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா கடைசியில், காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பீடி பிடிப்பியாப்பா?" என்று ஆரம்பித்தார் எங்கள் வக்கீல்.

"பிடிப்பேங்க."

"உங்க வக்கீல் எதிர்ல?"

"அவருதாங்க பிடிக்கச் சொன்னாரு. நடுக்கம் போவும்னாரு."

கூட்டம் சிரித்தது. எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, வாதி பீடி பிடிப்பதற்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். ஜட்ஜும் அதையே கேட்டார். இரண்டே கேள்வியில் விஷயத்துக்கு வந்துவிடுவதாக எங்கள் வக்கீல் சொன்னார். இரண்டு என்று சொன்னாரே தவிர, பத்துக்கு மேல் கேட்டார்.

அப்பா இருந்தபோது அவர் எதிரில் பிடிப்பாயா என்று கேட்டார். தோலை உரித்திருப்பார் என்றான். மாமனார் எதிரில்? மாட்டேன். பெரியப்பா? மாட்டேன். ரோட்டில் போகிற, முன்னேபின்னே தெரியாத ஆள் எதிரில்?

"அவன் யாருங்க என்னைக் கேக்க? பிடிப்பேன்."

"ஆக, சொந்தத்துல பெரியவங்க எதிர்ல மட்டும் மறைப்பே. அந்நியர் எதிர்ல மறைக்கமாட்டே."

"ஊருல எல்லாரும் அப்படித்தானேங்க."

"சரி. அந்தக் கையை எடு."

தம்பி எடுக்கவில்லை. ஜட்ஜ் எட்டிப் பார்த்து, கையை எடுப்பா என்றார். எடுத்தான். பையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கரிந்த ஓட்டை. ஓட்டைக்குள் பனியன். பனியனிலும் ஓட்டை. அதற்குள்ளே நெஞ்சு சிவந்திருந்தது.

"இன்னிக்குக் காலையில புளியமரத்தடியில யாரைப் பாத்து எரியற பீடிய உள்ள போட்டுக்கினே?"

எதிர்க்கட்சி வக்கீல் தன் கட்டைப் பிரித்து எதையோ தேடினார். அதில் பீடியைப் பற்றி ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

"இதோ நிக்கறாங்களே, இவங்களப் பாத்துதானே? இவங்க எந்த உறவும் இல்லாத அந்நியர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கே. அந்நியருக்கா பயந்து நெஞ்சைச் சுட்டுக்கினே?"

"பழக்கமாயிடுச்சிங்க" என்றான் தம்பி.

"எப்பலருந்து?"

"அது ஊருக்குத் திரும்பி வந்ததுலருந்துங்க. அதுக்கு முன்னாடி தெருவுலயே பிடிப்பேன்."

அப்போது பின்னாலிருந்து அந்தக் கனத்த குரல் கேட்டது. கோர்ட்டில் அப்படிக் குறுக்கே பேசக் கூடாது. அக்கா அதை மறந்துவிட்டார்.

"ரொம்ப சுட்டுடுச்சாடா?"

தம்பி மாமனாரைப் பார்க்கவில்லை. வக்கீலையும் பார்க்கவில்லை. "இல்ல" என்று அக்காவிடம் சொன்னான். பிறகு ஜட்ஜ் பக்கம் திரும்பி, "கூடப் பொறந்ததுங்க" என்றான்.

ஜட்ஜ் அக்காவைக் கண்டிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். தனக்கு ஐம்பத்தேழு வயது என்றும், தன் அண்ணன் ஊரிலிருந்து வந்தால் இன்றைக்கும் மூக்குப்பொடி டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பதாகவும், போன மாதம் வீட்டில் அது சோற்றோடு வெந்துவிட்டதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டிருந்தவரிடம், இதை எழுதாதே என்றார். அவர் ஏற்கெனவே எழுதிவிட்டார், அடிக்க வேண்டியதாயிற்று.

எதிர்க்கட்சி வக்கீல் லேசில் விடுகிறவர் அல்ல. உறவு என்றே வைத்துக்கொள்வோம், அண்ணனா அக்காவா என்று தெரிய வேண்டாமா, டாக்டர் மனு நிற்கிறதே என்றார். அந்த வாதத்தைத்தான் எங்கள் வக்கீல் ஒரு வாரமாக மிளகாய் மூட்டைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வீடு அப்பாவின் சொந்த சம்பாத்தியம். இந்து வாரிசுகளுக்கு வந்த புதுச் சட்டப்படி அதில் மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவே. உடம்பில் குறை இருக்கிறது என்று பங்கை மறுத்த பழைய வழக்கத்தையும் அந்தச் சட்டம் எடுத்துவிட்டது.

"ஆணுன்னு சொல்லுங்க, ஒரு பங்கு. பொண்ணுன்னு சொல்லுங்க, அதே ஒரு பங்கு. டாக்டர் பாத்து அதக் கூட்டப் போறாரா, குறைக்கப் போறாரா? என் கட்சிக்காரர் யாருக்குப் பிள்ளைங்கறதுதான் கேள்வி. அதுக்கு வாதியே பதில் சொல்லிட்டாரு."

ஜட்ஜ் டாக்டர் மனுவைத் தள்ளுபடி செய்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். கோர்ட்டு நடக்கும்போது அப்படி உட்காரக் கூடாது. அமீனா போய் எழுப்புவது போல முன்னால் நின்று, ஜட்ஜுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டார்.

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. அதில் தம்பி தரப்பு நினைத்தே பார்க்காத ஒன்று இருந்தது. அந்தச் சட்டப்படி பிள்ளைகளுக்கு இருக்கிற பங்கு, செத்தவரின் பெண்டாட்டிக்கும் உண்டு. வீட்டில் மூன்றில் ஒன்று தம்பிக்கு, ஒன்று அக்காவுக்கு, ஒன்று அம்மாவுக்கு. முழு வீடும் வேண்டும் என்று வழக்குப் போட்டவனுக்கு மூன்றில் ஒன்று கிடைத்தது. மாமனார் இதை இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு, கோர்ட்டு கலைவதற்கு முன்னாலேயே மேல்மலையனூர் பஸ் ஏறிவிட்டார். ஏறினவர் உள்கதவுச் சாவியையும் மடியிலேயே கொண்டுபோய்விட்டார்.

அம்மாவிடம் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை. "கடைப் பக்கம் குடுங்க. இவன் சின்னப்புள்ள இல்ல, பசிச்சா வந்து வாங்கித் துன்னுட்டும்" என்றாள். முன்கட்டும் நடுக்கூடமும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் என்றும், கிணற்றடியோடு பின்கட்டு தம்பிக்கு என்றும் பேசி முடித்தார்கள். தம்பி தலையை ஆட்டினான்.

உத்தரவை நிறைவேற்ற அமீனா ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் போனார். நானும் வக்கீலும் கூடப் போனோம். வேலை முடிந்ததும் அங்கேயே டிபன் சாப்பிடலாம் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல்தான் மூன்று பேரும் போனோம். சாவி இல்லை. அமீனா பூட்டை ஆட்டிப் பார்த்தார், உத்தரவை உரக்கப் படித்தார், பூட்டு அசையவில்லை. அக்கா அவரை நகரச் சொல்லிவிட்டு, ஆட்டுக்கல் குழவியை இரண்டு கையாலும் தூக்கி வந்து ஒரே போடு போட்டார். பூட்டு எகிறிப்போய்ச் சட்னிக் குண்டானில் விழுந்தது.

கதவு திறந்தது. அக்கா உள்ளே போனார். நடுக்கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார். அவர் அழுவார், அல்லது ஏதாவது சொல்வார் என்று நாங்கள் வாசலில் நின்றோம். அவர் தரையில் சேலைத் தலைப்பை விரித்தார், படுத்தார், கையையும் காலையும் நன்றாக நீட்டினார், தூங்கிவிட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறட்டை வந்துவிட்டது.

வக்கீல் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். அம்மா உள்ளேயிருந்து வந்து, "தூங்குது. சத்தம் போடாம போங்க" என்று எங்கள் மூன்று பேரையும் ரோட்டுக்குத் துரத்திவிட்டுக் கடைப் படலைச் சாத்தினாள்.

ஒன்பது மணிக்கு டைப்பிஸ்டு வந்தார், படலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஒன்பதரைக்கு எதிர்க்கட்சி வக்கீல் வந்தார். கேஸில் தோற்றுவிட்டு அந்தக் கடையிலேயே எப்படிச் சாப்பிடுவது என்று கூச்சப்பட்டுக்கொண்டே வந்தவர், கடையே இல்லை என்றதும் எங்களோடு நின்றுகொண்டார். அன்றைக்குக் கோர்ட்டில் எல்லாருக்கும் வயிறு சத்தம் போட்டது, ஜட்ஜுக்கும் கூட. அக்கா சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.